பார்க்கின்சன் விதி எழுதியவர் புக்கிட் தீமாவில் பேராசிரியராக இருந்தாராமே?

செங்காங் வாசகி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு 43 வயது. கப்பல் சரக்கு ஆவணங்கள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் 19 வருடமாக வேலை. பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு படிப்பு நின்றுபோனது. அப்போது வீட்டு நிலைமை அப்படி. பத்து வருடமாக நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதி வருகிறேன். தீபாவளி மலர், இணைய இதழ், நண்பர்களின் வலைப்பூ என்று கிடைத்த இடத்தில் எல்லாம் எழுதியிருக்கிறேன். அலுவலகக் கூட்டம், புளோக் மின்தூக்கி, கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பது, இப்படிக் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவேன்.

இப்போது மகள் தொடக்கக்கல்லூரிக்குப் போய்விட்டாள், மாலையில் நேரம் கிடைக்கிறது. தமிழில் பட்டம் படித்து, அப்புறம் மலாயா, சிங்கப்பூர்ப் பத்திரிகைகளில் வந்த நகைச்சுவை எழுத்தை ஆய்வு செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. போன மாதம் ஒரு நூல் வெளியீட்டில் இதைச் சொன்னேன். நான் மதிக்கும் ஒரு பெரியவர், "சிரிப்பு எழுதுறவங்க ஆய்வுக்குப் போனா யாரும்மா மதிப்பாங்க, ரெண்டுல ஒண்ண விட்டுடுங்க" என்றார். கெட்ட எண்ணம் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது.

அதே வாரம் அலுவலகத்தில் ஒரு பயிற்சி. நேரத்தைப் பயன்படுத்துவது பற்றி. பார்க்கின்சன் விதி என்று ஒன்றைச் சொன்னார்கள். ஒரு வேலையை முடிக்க எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அவ்வளவு நேரத்தையும் நிரப்பும் அளவுக்கு அந்த வேலை பெருகிவிடும் என்பதுதான் அது. பயிற்றுநர், "இதை எழுதியவர் அப்போது நம்ம ஊரில் பேராசிரியர்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிட்டார். எனக்கு அதற்குப் பிறகு பயிற்சியில் மனமே ஓடவில்லை. இது உண்மையா? உண்மை என்றால், இப்படிச் சிரிக்க எழுதும் ஒருவர் எப்படிப் பேராசிரியர் ஆனார்? எழுதிய பிறகு பல்கலைக்கழகத்தில் அவரை எப்படிப் பார்த்தார்கள்? தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பழைய ஏடு:

தங்கச்சி, உண்மைதான். நான் முப்பது வருடம் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். இந்த மனிதரைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பெயர் சிரில் நார்த்கோட் பார்க்கின்சன். 1909இல் இங்கிலாந்தின் வடக்கே பார்னர்ட் காசில் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ஓவியர், யார்க் நகரக் கலைப் பள்ளியின் முதல்வர். மகன் கேம்பிரிட்ஜ் இமானுவேல் கல்லூரியில் வரலாறு படித்தார், பழைய கடற்படைத் தளபதி ஒருவரைப் பற்றி 1934இல் முதல் புத்தகம் போட்டார், 1935இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுத் தலைப்பைக் கேளுங்கள்: 1803 முதல் 1810 வரை கீழைக் கடல்களில் நடந்த வணிகமும் போரும். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நம் பக்கம் ஓடிய காலம். அவரும் கப்பல் காகிதங்களோடு கிடந்தவர்தான், நீங்கள் இன்றைய சரக்குச் சீட்டுகளைப் பார்ப்பது போல அவர் 130 வருடத்துக்கு முந்தையவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு படிப்படியாக ஏறிப் பேராசிரியர் ஆகிவிட்டார் என்று நினைத்தால் அப்படி இல்லை. இமானுவேலில் மூன்று வருடம் இருந்தார். 1938இல் டிவர்ட்டன் என்ற சிற்றூரில் பள்ளிக்கூட வாத்தியார். அடுத்த வருடம் டார்ட்மத்தில் கடற்படைக் கல்லூரி வாத்தியார். 1940இல் ராணுவ அதிகாரி. போர் முடிந்து 1946இல்தான் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அங்கிருந்து 1950இல் சிங்கப்பூர்.

அப்போது மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ராஃபிள்ஸ் கல்லூரியையும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியையும் சேர்த்து 1949 அக்டோபரில் தொடங்கியது. இடம் புக்கிட் தீமா சாலை, பூமலையை ஒட்டி. இன்றைக்குத் தேசியப் பல்கலைக்கழகத்தின் புக்கிட் தீமா வளாகம் என்கிறோமே, அதே பழைய கட்டடங்கள், அதே சதுர முற்றம். பார்க்கின்சன் அங்கே வரலாற்றுத் துறையின் ராஃபிள்ஸ் பேராசிரியர், 1958 வரை. பின்னாளில் வரலாற்றறிஞராகப் பெயர்பெற்ற பேராசிரியர் வாங் கங்வூ அங்கே மாணவராக இருந்தது அந்தக் காலத்தில்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கட்டுரை தி எகனாமிஸ்ட் வார இதழில் 1955 நவம்பர் 19 அன்று வந்தது. அந்த இதழின் வழக்கப்படி ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. சிரிக்க வைக்கும் கட்டுரைதான், ஆனால் அதன் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1914இல் பிரிட்டிஷ் கடற்படையில் பெரிய போர்க்கப்பல்கள் 62. 1928இல் 20. கப்பல்கள் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டன. அதே காலத்தில் கடற்படைத் தலைமையகத்தின் அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 பேராக ஆகிவிட்டார்கள். அப்புறம் குடியேற்ற நாடுகளை நிர்வகித்த அலுவலகத்தை எடுத்துக்கொள்கிறார். 1935இல் அங்கே 372 பேர், 1954இல் 1,661 பேர். இடையில் சாம்ராஜ்யமே கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சாம்ராஜ்யத்தின் பல்கலைக்கழகம் ஒன்றில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் இதை எழுதினார். எனக்கு அந்தத் துணிச்சல் மேல் இன்றும் மரியாதை உண்டு.

இந்த எண்களை எங்கிருந்து எடுத்தார்? அரசாங்க ஏடுகளிலிருந்து. ஆய்வுக்கு எப்படி ஏடுகளைப் புரட்டி எண்ணுவாரோ அப்படியே எண்ணினார். எண்ணி முடித்தபோது கிடைத்தது சிரிப்பு. இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று 1955இல் யாராவது அவரிடம் சொல்லி, அவரும் கேட்டிருந்தால், எதை விட்டிருப்பார்? வரலாற்றை விட்டிருந்தால் அந்தக் கட்டுரையில் ஒரு எண்கூட இருந்திருக்காது.

1957இல் கட்டுரைகள் புத்தகமாக வந்து உலகம் முழுவதும் போனது. அதற்குப் பிறகும், மலாயாவில் பிரிட்டிஷ் தலையீடு பற்றி, 1867 முதல் 1877 வரை, ஒரு கனமான ஆய்வு நூலை 1960இல் வெளியிட்டார். அதில் சிரிப்பே கிடையாது. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.


ஜூரோங் மேற்கு:

ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பார்க்கின்சன் முனைவர் பட்டம், பேராசிரியர் பதவி எல்லாம் கைக்கு வந்த பிறகு சிரிக்க எழுதியவர். அக்காவின் நிலைமை அப்படியே தலைகீழ். முதலில் சிரிப்பு, அப்புறம் படிப்பு. அதோடு புத்தகம் வெற்றி பெற்றதும் அவர் பல்கலைக்கழகத்தையே விட்டுப் போய்விட்டாரே! 1958இல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி, அமெரிக்காவில் கொஞ்ச காலம் வருகைப் பேராசிரியராக இருந்து, பிறகு குவெர்ன்சி தீவில் எழுத்தே தொழிலாக இருந்தவர். கடற்படை நாவல்கள்கூட எழுதினார். ஆகவே அந்தப் பெரியவர் கேட்டதற்கு இது முழுப் பதில் ஆகாது.

அக்காவுக்குப் பொருந்துவது கனடாக்காரர் ஸ்டீபன் லீக்காக். 1869இல் இங்கிலாந்தில் பிறந்து, ஆறு வயதில் கனடாவுக்குப் போன குடும்பம். பதினொரு பிள்ளைகளில் இவர் மூன்றாவது. விளங்காத பண்ணை, குடிக்கிற அப்பா, அந்த அப்பாவும் கடைசியில் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்ததும் காசு இல்லை, பள்ளிக்கூட வேலைக்குப் போனார். வேலை பார்த்துக்கொண்டே படித்து 1891இல் பட்டம் வாங்கினார். பள்ளிக்கூட வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் பத்து வருடத்துக்கு மேல் பார்த்தார். அந்தக் காலத்தில்தான் பத்திரிகைகளுக்குச் சின்னச் சின்ன நகைச்சுவைத் துண்டுகள் எழுதி அனுப்பத் தொடங்கினார். வங்கியில் பணம் போடப் போய் நடுங்கும் ஒருவனைப் பற்றிய அவருடைய பேர்பெற்ற கட்டுரை அப்போது வந்ததுதான். அதாவது முதலில் சிரிப்பு.

முப்பது வயது நெருங்கும்போது, 1899இல், வேலையை விட்டுவிட்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் பொருளாதாரம் படிக்கப் போனார். பொருளாதார அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லன் அங்கே இருந்தார், அவருடைய புத்தகம் இவரை இழுத்தது. அடுத்த வருடம் கல்யாணம் வேறு. 1903இல் முனைவர் பட்டம். மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து, 1908இலிருந்து 1936 வரை துறைத் தலைவர். 28 வருடம்! 1906இல் எழுதிய அரசியல் அறிவியல் பாடநூல் பல நாடுகளில் பாடமாக இருந்தது.

முக்கியமான இடம் இதுதான். 1910இல் பழைய நகைச்சுவைத் துண்டுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட நினைத்தார். ஒரு நண்பர் வேண்டாம் என்றார். பொருளாதார அறிஞர் என்ற பெயர் கெட்டுப்போகும் என்றார். அக்காவிடம் அந்தப் பெரியவர் சொன்ன அதே வார்த்தை, 1910இல், மாண்ட்ரியலில். லீக்காக் சொந்தச் செலவில் அச்சடித்துச் செய்தித்தாள் கடைகளில் விற்கப் போட்டார். மளமளவென்று விற்றது. லண்டன் பதிப்பாளர் ஒருவர் கண்ணில் பட்டு அங்கேயும் வந்தது. அப்புறம் கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒன்று என்று நகைச்சுவைப் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. பெயர் ஒன்றும் கெடவில்லை, துறைத் தலைவர் நாற்காலியும் அப்படியே இருந்தது. 65 வயது ஆகிவிட்டது என்று ஓய்வு கொடுத்தபோதுதான் எழுந்தார், அதுவும் மனசே இல்லாமல். அவர் பெயரில் கனடாவில் 1947 முதல் நகைச்சுவை நூலுக்குப் பதக்கம் கொடுக்கிறார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று எழுதியவர் இவர். அதைப் படிக்கும்போது கோபம் வரும். அவர் வாழ்க்கையில் படித்த வழியை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கருத்தை விட்டுவிடுங்கள்.


பிடோக் நார்த்:

நான் படித்தவள் இல்லை, ஆராய்ச்சி எல்லாம் தெரியாது. ஆனால் பார்க்கின்சன் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அப்பா 1960களில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. பிராஸ் பாசா சாலையில் அப்போது பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். சம்பள நாளில் அங்கே போய் ஒரு புத்தகம் வாங்கி வருவார், அதற்காக வீட்டுக்கு நடந்தே வந்த நாளும் உண்டு. அப்படி வாங்கியதில் இந்தப் புத்தகமும் ஒன்று. அட்டை பிய்ந்து, அம்மா மாவுப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தது.

அப்பா சத்தமாகச் சிரிக்கும் மனிதர் இல்லை. இந்தப் புத்தகத்துக்கு மட்டும் தோள் குலுங்கச் சிரிப்பார். எங்களுக்கு அதைத் தமிழில் சொல்வார். ஒரு அதிகாரி இருக்கிறார். வேலை அதிகம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. தனக்குச் சமமாக ஒருவரைக் கூட வைத்தால் நாளைக்கு அவர் போட்டிக்கு வந்துவிடுவார். அதனால் தனக்குக் கீழே இரண்டு பேர் கேட்கிறார். ஒருவர் என்றால் அவரும் பாதி ஆள் ஆகிவிடுவார், இரண்டு பேர் என்றால் ஒருவருக்கு ஒருவர் பயந்து இருப்பார்கள். கொஞ்ச நாளில் அந்த இருவருக்கும் வேலை அதிகம், ஆளுக்கு இரண்டு பேர். இப்போது ஒருவர் செய்த வேலைக்கு ஏழு பேர். ஏழு பேரும் ஒருவர் எழுதியதை ஒருவர் திருத்தி, மேலே அனுப்பி, கீழே அனுப்பி, கடைசியில் முதல் அதிகாரி எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் தானே எழுதுகிறார், முன்பு எழுதியது போலவே. இருட்டின பிறகு வீட்டுக்குப் போகிறார். இதைச் சொல்லும்போது அப்பா, "அந்தக் கோப்பைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்கின ஆளு நான்" என்பார்.

அவர் குரலில் கசப்பு இருக்காது. தன் வேலையை யாரோ ஒரு பேராசிரியர் உட்கார்ந்து கவனித்திருக்கிறார் என்று ஒரு சந்தோஷம் இருந்தது என்று நினைக்கிறேன். தமிழில் நம் அலுவலகங்களை இப்படி யாராவது கவனித்து எழுதினால் அப்பா மாதிரி எத்தனை பேர் படித்திருப்பார்கள். நீங்கள் எழுதுகிறீர்கள் என்றால் விடாதீர்கள் அக்கா. அப்பா போய் 11 வருடம் ஆகிறது. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, யாருக்கும் கொடுப்பதில்லை.


மாலை வகுப்பு:

கொஞ்சம் நடைமுறை விஷயம் சொல்கிறேன். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியத்தில் பகுதிநேரப் பட்டப்படிப்பு இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்காகவே மாலையில் வகுப்பு. நான் சேர்ந்தபோது என் வகுப்பில் பிள்ளைகளின் பிள்ளைகளைப் பார்த்துவிட்டவர்களும் இருந்தார்கள், 43 எல்லாம் ஒரு வயதே இல்லை. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி போட்டிருக்கிறார்கள், அது இந்தப் படிப்புக்குச் செல்லுமா என்று விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடத்தில்தான் கட்டுரைப் பயிற்சி கனமாக ஆகும், அந்தச் சமயத்தில் வீட்டு ஆதரவு ரொம்ப முக்கியம், மகளிடம் இப்போதே பேசி வையுங்கள்.

பட்டமே இல்லாமல் கல்லூரிக்குள் நுழைந்தவர் நம் உ.வே.சா. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் ஆனபோது அவர் கையில் இருந்தது குருகுலப் படிப்பும், ஓய்வு பெறும் தியாகராச செட்டியாரின் பரிந்துரையும்தான். சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது 1932இல், 52 வருடம் கழித்து. நேரான பாதையில் வந்தவர்கள் மட்டும்தான் படிப்பாளிகள் என்றால் நமக்குச் சங்க இலக்கியம் அச்சில் கிடைத்திருக்குமா?

ஆய்வுத் தலைப்புக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் எழுத வந்தேன். 1887இல் சி. கு. மகுதூம் சாயபு இங்கே சிங்கை நேசன் என்ற வார இதழைத் தொடங்கினார். மறு வருடம் அதில் விநோத சம்பாஷணை என்று ஒன்று வந்தது. இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், ஊரில் நடப்பதை எல்லாம் கிண்டலாகப் போட்டு வாங்குகிறார்கள். சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைக்கு அதைத்தான் முன்னோடி என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதாவது இந்த ஊரில் தமிழ்க் கதை தொடங்கியதே சிரிப்பில்தான்! அதை ஆய்வு செய்தால் யார் மதிப்பார்கள் என்று கேட்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் இருக்கின்றன, பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்று இரவே தொடங்கலாம்.


பழைய ஏடு:

ஜூரோங் தம்பி சொன்னது நியாயம். வரிசை வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சின்னத் திருத்தம். பார்க்கின்சனுக்கு அந்தக் கட்டுரையின் விதை பேராசிரியர் நாற்காலியில் விழவில்லை. போர்க்காலத்தில் ஒரு கூட்டுத் தலைமையகத்தில் இருந்தபோது மேலதிகாரிகள் ஒவ்வொருவராக விடுப்பிலும் உடம்புக்கு முடியாமலும் போய்விட, கடைசியில் எல்லாப் பொறுப்பும் இளையவரான இவர் தலையில் விழுந்தது. வேலை குவியும் என்று பயந்து உட்கார்ந்தால் வேலையே இல்லை! அதுவரை நடந்தது எல்லாம் ஒருவருக்கொருவர் உண்டாக்கிக் கொடுத்த வேலை. இதை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். பார்த்தது ராணுவ அலுவலகத்தில், எண்ணியது ஏட்டில், எழுதியது சிங்கப்பூரில். தங்கச்சி பாதியை ஏற்கெனவே முடித்துவிட்டார், 19 வருடம் அலுவலகத்தைப் பார்த்திருக்கிறாரே.

மாலை வகுப்பு விநோத சம்பாஷணையை நினைவுபடுத்தியதற்கு நன்றி. இன்னொன்றும் சேர்க்கிறேன். பார்க்கின்சன் புக்கிட் தீமாவில் இருந்த அதே வருடங்களில், அதே பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். தொழிலாளிகள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்த பணம். பல்கலைக்கழகப் படிப்பு நமக்கு எட்டாத இடம் என்று அவர்கள் நினைத்திருந்தால் ஒரு காசும் கொடுத்திருக்க மாட்டார்கள்.


செங்காங் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. மதிய உணவு நேரத்தில் படிக்கத் தொடங்கி, சாப்பாடு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

பிடோக் நார்த், உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். புத்தகத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆனால் என்றாவது அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா தமிழில் சொன்ன மாதிரியே எனக்கு ஒருமுறை சொல்ல முடியுமா? பதிவு செய்துகொள்ளலாமா என்று அப்போது கேட்கிறேன்.

ஜூரோங் மேற்கு, லீக்காக்குக்கு அந்த நண்பர் சொன்னது என் நெஞ்சில் அப்படியே நிற்கிறது. அந்த நண்பரும் அக்கறையாகத்தான் சொல்லியிருப்பார். பெரியவரை அடுத்த கூட்டத்தில் பார்க்கும்போது கோபப்படாமல் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஐயா, நீங்கள் எண்ணுவதைப் பற்றிச் சொன்ன பிறகு என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 2016இலிருந்து ஒவ்வொரு அலுவலகக் கூட்டத்திலும் எதற்கு எத்தனை நிமிடம் போனது என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். கட்டுரை எழுத உதவும் என்றுதான் குறித்தேன். ஒரு வருடத்துக் கணக்கை நேற்று இரவு கூட்டினேன், மகள் பக்கத்தில் உட்கார்ந்து அட்டவணை போட்டுக் கொடுத்தாள். கிடங்கு வாடகை ஒப்பந்தம் நாலு நிமிடம். தீபாவளி, சீனப் புத்தாண்டுப் பலகாரம் எந்தக் கடையில் வாங்குவது, இரண்டு கூட்டத்திலும் சேர்த்து 1 மணி 50 நிமிடம்.

மாலை வகுப்பு, விண்ணப்பத் தேதியைப் பார்த்துவிட்டேன். அதற்கு முன்னால் இந்தச் சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில், 11வது மாடியில், அந்த மலாயா வரலாற்று நூலைத் தேடலாம் என்று இருக்கிறேன். கதவு திறக்கிற 10 மணிக்கே போய்விடுவேன். யாராவது வருகிறீர்களா?


பிடோக் நார்த்:

நான் வருகிறேன் அக்கா. புத்தகத்தையும் எடுத்து வருகிறேன், அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.